பீரோ மேல ரெண்டு முகம்

எங்க வீட்டு பீரோ மேல ரெண்டு முகம் இருக்கு. வெள்ளை பிளாஸ்டிக் வலையில செஞ்ச முகங்க. மூக்கு, தாடை, கழுத்து, தோள்பட்டை வரைக்கும் அச்சு அசலா நான்தான். ரெண்டும் என்னோடது, ஆனா ஒண்ணு எனக்குச் சேராது. வீட்டுக்கு வர்றவங்க அதைப் பாத்துட்டு கண்ணைத் திருப்பிக்குவாங்க, அப்புறம் மெதுவா மறுபடி பாப்பாங்க. வாயைத் திறந்து கேக்கறவங்க கம்மி. கேட்டா சொல்லிடுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப் போச்சு. அதனால எழுதி வெச்சுடறேன், இனிமே யாராவது கேட்டா இதைக் கையில குடுத்துட்டு நான் போய்ப் படுத்துக்கலாம்.

நான் சேலையூர்ல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருஷமா அதே கேம்ப் ரோடு, அதே சாக்பீஸ். வீட்டுக்காரர் கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாக்கறார். ஒரே பொண்ணு, கல்யாணம் ஆகி கோயமுத்தூர்ல இருக்கா. அப்போ அவ மாசமா இருந்ததால வரக் கூடாதுன்னு நானே கண்டிச்சு சொல்லிட்டேன். ஆக, நடந்தது எல்லாத்துக்கும் நாங்க ரெண்டு பேர்தான்.

முதல்ல இடது காது அடைச்சுது. சளின்னு நெனச்சேன். கிளாஸ்ல இடது பக்க பெஞ்சுப் பசங்க பேசறது எனக்குக் கேக்கலைன்னு கண்டுபிடிச்சு, மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் போய் உக்காந்துச்சு. அப்புறம் கழுத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டா வலிக்காது. வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு நாலு மாசம் ஓட்டிட்டேன். கடைசியில ஒரு காது டாக்டர் மூக்கு வழியா கேமரா விட்டுப் பாத்துட்டு, எழுந்து போய் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

பெரிய ஆஸ்பத்திரியில கேன்சர்னு உறுதியாச்சு. எங்களுக்குக் கிடைச்ச டாக்டரம்மா நல்லவங்க, ஆனா சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. "மூக்குக்குப் பின்னாடி, தொண்டைக்கு மேல, மண்டைக்கு அடியில ஒரு மூலை இருக்கு. அங்க கத்தி வெச்சு சுத்தமா எடுக்கறது கஷ்டம். ஆனா இந்த வகை ரேடியேஷனுக்கு நல்லா கேக்கும். முப்பத்தஞ்சு சிட்டிங், சனி ஞாயிறு தவிர தினமும். வாரம் ஒரு கீமோ ஊசி. முழுசா குணமாகணும்னுதான் குடுக்கறோம், அதனால நடுவுல ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா நான் பொறுப்பில்லை"ன்னாங்க. ஒரு நாளும் விடக் கூடாதுங்கறதை என் வீட்டுக்காரர் பாக்கெட் நோட்டுல எழுதி அடியில ரெண்டு கோடு போட்டார்.

அப்புறம்தான் முதல் முகம் செஞ்சாங்க. வலை மாதிரி ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு ஒண்ணை சுடுதண்ணியில போட்டு எடுத்தாங்க. நனைஞ்ச அப்பளம் மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. நான் மல்லாக்கப் படுத்திருக்க, அதை மூஞ்சி மேல போட்டு ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சாங்க. வெதுவெதுன்னு முதல்ல சுகமாத்தான் இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல இறுகிப் போச்சு. கண்ணைத் திறக்க முடியல, முழுங்க முடியல. தினமும் இதே முகத்தைப் போட்டு என்னை மேஜையோட பூட்டினாத்தான், மெஷின் தினமும் அதே இடத்துல அடிக்கும்.

எனக்கு அப்போ இடுப்பு வரைக்கும் முடி. ஸ்டாஃப் ரூம்ல கண்ணு போட்டே பாதி கொட்டியிருக்கும், அப்பவும் அவ்வளவு இருந்துச்சு. கொண்டை வேணாம், கிளிப் வேணாம்னு அந்தப் பொண்ணு, அதாவது மெஷின் பாக்கற டெக்னீஷியன், தானே தளர்த்திப் பின்னி ஒரு பக்கமா ஒதுக்கிவிட்டா. "தினமும் இதே மாதிரி பின்னிட்டு வாங்கம்மா. மத்ததெல்லாம் இந்தப் பேப்பர்ல இருக்கு, கட்டாயம் படிச்சுடுங்க"ன்னா. தமிழ்ல அச்சடிச்ச தாள், ரெண்டு பக்கமும் செய்ய வேண்டியது, செய்யக் கூடாததுன்னு. நான் அதை வாங்கி அப்படியே வீட்டுக்காரர் கையில குடுத்துட்டேன். ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் அவர் டிபார்ட்மென்ட். கேள்வியைப் படிக்காம பதில் எழுதற பசங்களை வருஷம் பூரா வறுத்தெடுக்கறவ நான். எனக்குன்னு வந்த பேப்பரை நான் ஒரு வரி படிக்கல.

ஒரு புதன்கிழமை ஆரம்பிச்சுது. அவர் பாதி நாள் லீவு சொல்லிட்டு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவார். கேம்ப் ரோடு சிக்னல், அப்புறம் மேம்பாலம், அப்புறம் ஜிஎஸ்டி ரோடு. கட்டியை விட அந்த டிராஃபிக்தான் என்னைக் கொன்னுடும்னு தினமும் ஒரு தடவை சொல்வேன். அங்க போய் பத்து நிமிஷ வேலைக்கு ஒண்ணரை மணி நேரம் காத்திருக்கணும். உள்ளே முகத்தைப் போட்டு டக் டக்குன்னு பூட்டிட்டு எல்லாரும் வெளியே ஓடிடுவாங்க. கனமான கதவு மூடும். முதல்ல ஒரு படம் எடுத்து, நான் நேத்து படுத்த மாதிரியே படுத்திருக்கேனான்னு ஒத்துப் பாப்பாங்க. அப்புறம் மெஷினோட கை என்னைச் சுத்தி வரும். ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். சுடாது, குத்தாது, வெளிச்சம் கூட இல்லை. இதுக்கா இவ்வளவு பயந்தோம்னு முதல் வாரம் தோணுச்சு.

தினமும் எதுக்கு வரணும், மொத்தத்தையும் ஒரே நாள்ல குடுத்துத் தொலைக்கக் கூடாதான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "அடி நல்ல செல்லுக்கும் விழுது, கெட்ட செல்லுக்கும் விழுது. நல்லது மறுநாளைக்குள்ள கொஞ்சம் தேறிக்கும். கெட்டதுக்கு அந்த சாமர்த்தியம் கம்மி. அது தலை தூக்கறதுக்குள்ள அடுத்த அடி. நாம லீவு விட்டா அதுவும் தேறிக்கும்." கணக்கு டீச்சருக்கு அது போதும். வீட்டுக் காலண்டர்ல முப்பத்தஞ்சு கட்டம் போட்டு, தினமும் ஒண்ணை அடிச்சேன்.

வெயிட்டிங் ஹால்ல பழக்கமானவர் ஒருத்தர். தாம்பரத்துல ஸ்கூட்டர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்கற பாய். அவருக்குக் குரல்வளையில. கரகரன்னு பேசுவார், பேசக் கூடாதுன்னாலும் பேசுவார். "இன்னா டீச்சர், இன்னிக்கு எத்தினியாவது?"ன்னு கேப்பார். "பத்து"ன்னா, "நமக்கு இருவது ஆச்சு, நீங்க ஜூனியர்"னு சிரிப்பார். தினமும் மழமழன்னு ஷேவ் பண்ணிட்டு வருவார். இத்தனை கஷ்டத்துலயும் மனுஷன் எப்படி இருக்கார் பாருன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக் காட்டினேன். அவர் பாவம், எனக்கு சமைச்சு, என்னைக் கூட்டிட்டு வந்து, தாடியோட நின்னுட்டிருந்தார்.

ரெண்டு வாரம் தாண்டினதும் உண்மையான வேலை ஆரம்பிச்சுது. வாய்க்குள்ள புண். உப்பும் தெரியல, புளிப்பும் தெரியல, காப்பி வெந்நீர் மாதிரி இருந்துச்சு. நான் சாப்பிடறதை நிறுத்தினேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில, தலை வாரும்போது பின்னங்கழுத்துலேர்ந்து கொத்தா முடி கையோட வந்துச்சு. இழுக்கவே இல்லை, வந்துச்சு. அதைச் சுருட்டி கையில வெச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்துட்டேன். நாற்பத்தெட்டு வருஷமா எண்ணெய் தடவி சீயக்காய் தேய்ச்சு வளத்தது, குப்பைக்கூடையில போறதை என்னால பாக்க முடியல. அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு.

"ஏங்க"ன்னு கூப்பிட்டேன். அவர் சமையல்கட்டுலேர்ந்து கஞ்சிக் கரண்டியோட வந்தார். "இது தானா கொட்டி குப்பைக்குப் போறதுக்கு, நானே அம்மனுக்குக் குடுத்துடறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே. மொட்டை போட்டுக்கறேன்."

அவர் உடனே பதில் சொல்லல. கரண்டியிலேர்ந்து கஞ்சி ஒரு சொட்டு தரையில விழுந்துச்சு. அதைப் பாத்துக்கிட்டு நின்னார். வழக்கமா நான் கேட்டா சட்டுனு ஏதாவது சொல்லிடற மனுஷன். மொட்டைத் தலையோட பொண்டாட்டியைப் பாக்க சங்கடமா இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

"சரி"ன்னார், கொஞ்ச நேரம் கழிச்சு.

எங்க குலதெய்வம் கோயிலுக்கு சிங்கப்பெருமாள் கோவில்ங்கற ஊர் தாண்டி உள்ளே போகணும். சின்ன அம்மன் கோயில், வேப்பமரம், ஒரு போர் பம்பு. கார் வெச்சுக்கிட்டுப் போனோம். நாவிதர் தலையில தண்ணி தெளிச்சு, கத்தியை வெக்கறதுக்கு முன்னாடி "முழுசாவாம்மா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். முழுசான்னேன். மடியில கனமா விழுந்துச்சு. நெத்தியில காத்து பட்டுது, பின்னந்தலையில காத்து பட்டுது. சந்தனம் பூசினதும் ஜில்லுன்னு இருந்துச்சு. கேன்சர்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து முதல் தடவையா, எனக்கு நடந்ததுன்னு இல்லாம நான் செஞ்சதுன்னு ஒண்ணு இருந்துச்சு. மரத்தடியில உக்காந்து, அவர் கட்டிட்டு வந்த தயிர்சாதத்தைக் குழைச்சு முழு டப்பாவும் சாப்பிட்டேன். புண்ணு எரிஞ்சுது, கண்ணுல தண்ணி வந்துச்சு, ஆனா நிறுத்தல. அவர் சாப்பிடாம என்னையே பாத்துட்டிருந்தார்.

திங்கக்கிழமை என்னைப் பாத்ததும் டெக்னீஷியன் பொண்ணு அப்படியே நின்னுட்டா. "அம்மா, என்னம்மா பண்ணிட்டு வந்திருக்கீங்க"ன்னா. அழகா இருக்கான்னு கேக்கலாம்னு இருந்தேன், அவ மூஞ்சியைப் பாத்ததும் வாயை மூடிக்கிட்டேன். படுக்க வெச்சு முகத்தைப் போட்டா. வெள்ளிக்கிழமை வரைக்கும் கன்னத்தை அமுக்கின முகம், இப்போ தலையில ஆடுச்சு. நெத்திக்கும் அதுக்கும் நடுவுல அவ விரல் போச்சு. முடி இல்லாததால பின்னந்தலை தலையணையில இறங்கிப் போச்சு, தாடை மேல தூக்கிக்கிச்சு. படம் எடுத்துப் பாத்தாங்க, ஒத்து வரல. திருப்பிப் படுக்க வெச்சாங்க, துணி மடிச்சு வெச்சாங்க, மறுபடி எடுத்தாங்க. ஒத்து வரல.

டாக்டரம்மா வந்தாங்க. "நாலு மில்லிமீட்டர் தள்ளியிருக்கு. உங்களுக்கு அது சின்ன கணக்கு. அந்த இடத்துல நாலு மில்லிமீட்டர் தள்ளினா கட்டிக்கு விழ வேண்டியது மூளைத்தண்டுல விழும். இன்னிக்கு குடுக்க முடியாது. புது மாஸ்க் செய்யணும், புது ஸ்கேன், புது பிளான். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த வாரம் போச்சு. முடி வெட்டக் கூடாதுன்னு பேப்பர்ல போட்டிருக்கே, யாரும் படிக்கலையா?"

ஒரு நாளும் விடக் கூடாதுன்னு சொன்ன இடத்துல அஞ்சு நாள். "அஞ்சு நாள் விட்டா என்ன டாக்டர் ஆகும்?"னு கேட்டேன். "இப்ப சொல்ல முடியாது. சில நாள் ரெண்டு வேளை குடுத்து ஈடு கட்டப் பாக்கறேன். மொத்தமா ஈடு கட்டிடலாம்னு பொய் சொல்ல மாட்டேன்"னாங்க.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் மேல பாஞ்சேன். அத்தனை பேர் உக்காந்திருக்கற ஹால்ல. "படிச்ச மனுஷன்தானே நீங்க? ஸ்டோர்ஸ்ல ஒரு நட்டு போல்ட்டு வந்தா நாலு தடவை படிச்சுக் கையெழுத்துப் போடுவீங்க, எனக்குக் குடுத்த ஒத்தைப் பேப்பரைப் படிக்க உங்களுக்கு நேரமில்லை. என்னைக் கொல்லப் பாக்கறீங்களா?"ன்னேன். அவர் தலையைக் குனிஞ்சு என் செருப்பைப் பாத்துட்டு நின்னார். பாய்தான் எழுந்து வந்தார். "வுடுங்க டீச்சர். நானும் தாடி வெச்சுகினு இருந்த ஆளுதான். தாடி வளந்தா மாஸ்க் ஒக்காராதுன்னுதான் டெய்லி வழிச்சுகினு வர்றேன். உங்களாண்ட நான் சொல்லியிருக்கணும்"னார். எனக்கு இன்னும் எரிச்சல் வந்துச்சு. ஊர்ல எல்லாரும் பேப்பரைப் படிச்சிருக்காங்க, என் வீட்டைத் தவிர.

அந்த வாரம் காலண்டர்ல அஞ்சு கட்டம் வெறுமையா நின்னுச்சு. தினமும் காலையில எழுந்து கழுத்துக் கட்டியைத் தடவிப் பாப்பேன். பாதியா கரைஞ்சிருந்தது மறுபடி பெருசாகுதான்னு. பெருசான மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். அடுத்த திங்கள் ரெண்டாவது முகத்தோட மறுபடி ஆரம்பிச்சாங்க. வாரத்துல ஒரு நாள் ரெண்டு சிட்டிங், நடுவுல ஆறு மணி நேரம் விடணும். வீட்டுக்கு வந்து திரும்பத் தெம்பில்லை, அதனால அங்கயே பெஞ்சுல அவர் தோள்ல சாஞ்சு கிடப்பேன். சாஞ்சுக்கிட்டே திட்டுவேன்.

இருபத்தஞ்சுக்கு மேல கழுத்துத் தோல் கருகி உரிஞ்சுது. எச்சில் பசை மாதிரி ஆச்சு. முழுங்க முடியாம மூக்கு வழியா ட்யூப் போட்டு, அவர்தான் வேளா வேளைக்கு ஊசிக்குழாய்ல கஞ்சியும் மோரும் ஊத்தினார். பேச்சு நின்னு போச்சு. சிலேட்டு வாங்கிக் குடுத்தார். அதுல நான் முதல்ல எழுதினதே "பேப்பர் படிச்சிருந்தா இப்போ முடிஞ்சிருக்கும்"ங்கறதுதான். அவர் அதைப் படிச்சுட்டு, ஈரத்துணியால துடைச்சுட்டு, சிலேட்டைத் திருப்பிக் குடுத்தார். நாத்தனார் பாக்க வந்தப்போ அவங்களுக்கும் எழுதிக் காட்டினேன். "ஏன்டா, இது கூடப் பாக்கலையா நீ?"ன்னு அவங்களும் பங்குக்கு ரெண்டு போட்டாங்க. "பாக்கலைக்கா"ன்னார். வெக்கமில்லாம சொல்றேன், அந்த ஒரு மாசமும் எனக்கு உள்ளே எறங்கின ஒரே ஆகாரம் அவரைத் திட்டினதுதான். கேன்சரைத் திட்ட முடியாது. அம்மனைத் திட்ட பயம். மிச்சம் அவர்தான் இருந்தார்.

முப்பத்தஞ்சும் முடிஞ்சுது. ரெண்டு முகத்தையும் பையில போட்டுக் குடுத்தாங்க. முதல்ல செஞ்சதைக் குப்பையில போடச் சொன்னேன், அவர் கேக்கல. உடனே ஸ்கேன் எடுத்தா ரணமும் கட்டியும் ஒண்ணா தெரியும், மூணு மாசம் போகட்டும்னாங்க. அந்த மூணு மாசம் சிகிச்சையை விடப் பேஜார். தலையில முள்ளு முள்ளா முடி வந்துச்சு, பின்னங்கழுத்துல மட்டும் ஒரு பட்டை வரவே இல்லை. ரசத்துல புளிப்பு கொஞ்சமா தெரிய ஆரம்பிச்சுது. ஒவ்வொரு தும்மலுக்கும் அந்த அஞ்சு நாளை நெனச்சேன்.

ஸ்கேன் எடுத்த மறுநாள் போனோம். டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினாங்க. பழைய படத்துல பளிச்சுன்னு எரிஞ்ச இடம், புதுப் படத்துல இருட்டா இருந்துச்சு. "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. சுத்தமா இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க"ன்னாங்க. அவர் எழுந்து நின்னு கும்பிட்டார். அப்புறம், "அந்த அஞ்சு நாளால...?"ன்னு இழுத்தார். "ஆன மாதிரி தெரியல. ஆனா எனக்கு அஞ்சு வருஷம் டைம் குடுங்க, அப்போ சொல்றேன்"னாங்க.

வெளியே ரிவியூவுக்கு வந்த பாய் உக்காந்திருந்தார். தாடி நல்லா வளந்திருந்துச்சு. விஷயத்தைச் சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்"ன்னு ரெண்டு கையையும் முகத்துல தடவிக்கிட்டார். எனக்கும் மனசு லேசாயிருந்துச்சு, வாய் சும்மா இருக்குமா? "எல்லாம் சரி பாய், இந்த மனுஷன் அந்தப் பேப்பரை மட்டும் படிச்சிருந்தா இவ்ளோ பயந்து செத்திருக்க வேணாம்"னேன். பாய் சிரிச்சார். என் வீட்டுக்காரரும் சிரிச்சார்னுதான் நெனச்சேன்.

ஸ்டாண்டுல ஸ்கூட்டர் சீட்டைத் துணியால துடைச்சுக்கிட்டே சொன்னார்.

"படிச்சேன்."

"என்னது?"

"அந்தப் பேப்பரை. குடுத்த அன்னிக்கே படிச்சுட்டேன். முடி வெட்டக் கூடாது, ஷேவ் மாத்தக் கூடாதுன்னு ஏழாவது வரி." துடைச்ச இடத்தையே திருப்பித் துடைச்சார். "ரிசல்ட் வேற மாதிரி வந்திருந்தா சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் கையிலேர்ந்து துணியை வாங்கிக்கிட்டேன். "தெரிஞ்சே ஏங்க கூட்டிட்டுப் போனீங்க?"ன்னு கேட்டேன்.

"இவ்ளோ தூரம் போகும்னு நெனக்கல. சுத்தபத்தத்துக்குப் போட்டிருப்பாங்க, மிஞ்சிப் போனா திட்டுவாங்கன்னு நெனச்சேன்." அப்புறம் என்னைப் பாக்காம சொன்னார். "கேன்சர்னு சொன்ன நாள்லேர்ந்து ஆளாளுக்கு உன்னை ஏதோ பண்ணிட்டே இருந்தாங்க. குத்தினாங்க, பூட்டினாங்க. நீ வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது அது ஒண்ணுதான். வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்குக் கோவம் வரணும். வரும்னு காத்திருந்தேன். அந்த மனுஷன் என் உசுரை வெச்சு ஒரு தப்புக் கணக்குப் போட்டுட்டு, அதுக்கு மேல, படிக்கத் துப்பில்லாதவன்னு ஊரெல்லாம் பேர் வாங்கிக்கிட்டு, ட்யூப்ல மோர் ஊத்திக்கிட்டு இருந்திருக்கார். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னிக்கு அவரை விட்டிருக்க மாட்டேன்னும் எனக்குத் தெரியும். ரொம்பக் களைப்பா இருந்துச்சு. அவர் தோள்ல கையை ஊனி பின்னாடி ஏறி உக்காந்தேன்.

மேம்பாலம் ஏறும்போது அவர் காதுகிட்ட சொன்னேன். "இனிமே நான் எதைக் கேட்டாலும், வேணாம்னா வேணாம்னு சொல்லணும். என்ன?"

அவர் உடனே பதில் சொல்லல. முன்னாடி போன பஸ்ஸைப் பாத்துக்கிட்டு ஓட்டினார். வழக்கமா நான் கேட்டா சட்டுனு ஏதாவது சொல்லிடற மனுஷன்.

"சரி"ன்னார், கொஞ்ச நேரம் கழிச்சு.